தோட்டப்புறத்தில் உளவியல் திகில்: குறும்பட ஆக்கம் குறித்த சில கருத்துகள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்கள் தமிழரின் நெடிய உழைப்பு வரலாற்றைச் சுமந்தவை. அங்குக் கைவிடப்பட்ட லயங்களைக் காணும் இளம் படைப்பாளர் மனத்தில் முதலில் தோன்றுவது பேய்க்கதையே. வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாக ஓர் உருவத்தை நிறுத்திவிடுதல் எளிது. ஆயின், நம் முன்னோர் குடியிருந்த வீட்டைப் பேய்வீடாகக் காட்டுவது தகுமா என்னும் வினா எழுகின்றது. அச்சத்தைப் புற உருவத்தில் அன்றி மனத்துள் தேடும் உளவியல் திகில் இதற்கு மாற்றுவழி காட்டுகின்றது.

இத்துறையில் பலரும் போற்றும் இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக். அவருடைய 'சைக்கோ' (1960) கறுப்பு வெள்ளையில், சிறு செலவில் உருவானது. அதன் குளியலறைக் கொலைக் காட்சியில் கத்தி உடலைக் கிழிப்பதைத் தெளிவாகக் காண்பது அரிது. துண்டு துண்டான காட்சிகளும் பெர்னார்ட் ஹெர்மனின் நரம்பிசையுமே பார்வையாளரைக் கொலையைக் கண்டதாக நம்பச் செய்கின்றன.

இப்படத்தின் தாக்கத்தைப் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) படத்தில் காண்கிறோம். தந்தையின் கொடுமையால் தாய் துன்புற்றதைக் கண்டு வளர்ந்த சிறுவனே அதில் கொலைஞனாகின்றான். மனச்சிதைவை நோக்கும் முறையை ஹிட்ச்காக்கிடம் பெற்ற பாலு மகேந்திரா, அதன் வேரை நம் குடும்ப அமைப்பினுள் கண்டார். ஆகவே, தாக்கம் என்பது முறையைக் கற்றல். காட்சியை நகலெடுத்தல் அன்று.

இம்முறையைத் தோட்டத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். பால்மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட ஒரு தோட்டம். கடைசி லயத்தில் தனித்து வாழும் முதிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், விடியுமுன் பெரட்டு மணியைக் கேட்டு உளியுடன் புறப்படுகிறார். மணி கழற்றப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின என்பதைப் பார்வையாளர்க்கு முன்னரே காட்டிவிட வேண்டும். எதிர்பாராமல் வெடிக்கும் குண்டு நொடிநேர அதிர்ச்சியையே தரும். மேசைக்கடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளர் அறிந்திருந்தால் காட்சி முழுதும் பதற்றம் நிலவும் என்பது ஹிட்ச்காக்கின் விளக்கம்.

ஒளியமைப்பிற்குத் தலைவிளக்கு ஒன்றே போதும். ஒலியமைப்பே இங்கு முதன்மையானது. வறண்ட நாள்களில் ரப்பர்க் காய்கள் படீரென வெடித்து விதைகளைத் தெறிப்பதைத் தோட்டத்தார் அறிவர். திரையில் செம்பனை மட்டுமே தெரிய, அவ்வோசை அருகில் கேட்குமாயின், கேட்பது காதா நினைவா என்னும் ஐயம் பிறக்கும். பேய் எதுவும் வேண்டா.

வாழ்நாள் முழுதும் மணிக்குக் கட்டுப்பட்ட மனம், மணி நின்றபின் எங்குச் செல்லும்? படத்தின் உண்மையான திகில் இவ்வினாவே. படத்தை முடிக்கும்போது அதற்கு விடை கூறாது, பார்வையாளரிடமே விட்டுவிடுதல் நன்று. ஆசிரியர்கள் தம் மாணவரைப் படப்பிடிப்பிற்கு முன், தோட்டத்தில் வாழ்ந்த பெரியோரிடம் அனுப்பலாம். அவர்கள் அஞ்சியது எதற்கு என்று கேட்டறிவதே திரைக்கதையின் முதற்படி.