இந்தச் சேலை முடியட்டும் என்னாதீர்

உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை நெய்யக் காஞ்சித் தறிக்கு இருவர் வேண்டும். நெய்பவர் குழியில் அமர, மறுகரையின் நாடாவைத் தள்ள அருகே இன்னொருவர் இருப்பார். பல இல்லங்களில் அந்த இரண்டாவது கை மனைவியின் கையே. கூலியோ நாளுக்கன்று, சேலைக்கு. ஆகவே தென்னேரி போன்ற காஞ்சி வட்டாரத்து ஊர்களில், ஒன்பதாம் மாதத்திலும் கர்ப்பிணி தறியண்டை அமர நேரிடுகிறது. "இந்தச் சேலை முடியட்டும்" என்பது இல்லத்தார் கூறும் சமாதானம்.

280 நாள் என்பது கணக்கிற்காகச் சொல்வது. 37 வாரம் நிறைந்தபின் எந்த நாளிலும் நோவு காணலாம். சிலருக்கு அதற்கு முன்னரே காணும்.

தமிழகத்தில் 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்தியாவின் சராசரி 97. நம் நிலை மேலானதே. ஆயினும் தாய்மார் இறப்பை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைக் குறிப்பிடுகின்றனர்: புறப்பட முடிவு செய்வதில், மருத்துவமனையை அடைவதில், அங்கே சிகிச்சை பெறுவதில். மூன்றாவது நம் கையில் இல்லை. முதலாவது முற்றிலும் நம் கூடத்தில் நிகழ்வது. கணவர் கடைக்குப் போயிருக்கிறார், மாமியார் வரட்டும், விடியட்டும் என்று கழியும் நாழிகைகள் அவை.

எப்போது புறப்பட வேண்டும்? ஓய்வெடுத்தும் தணியாமல், இடைவெளி குறைந்து வலுத்து வருவது மெய்யான நோவு. நோவின்றிப் பனிக்குடம் உடைந்தாலும் தாமதிக்கலாகாது. உதிரம் படுதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. மாலையில் பாதம் சற்று வீங்குவது பலருக்கும் உண்டு. தறியண்டை நெடுநேரம் அமர்பவருக்குக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் அது இரத்த அழுத்தத்தின் அறிகுறி. அன்றே காட்ட வேண்டும்.

வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டிற்கு அனுப்புவது நல்ல வழக்கந்தான். ஆனால் சீர்த்தட்டுகளை எண்ணி அனுப்புகிறோமேயன்றி, பரிசோதனை அட்டையை மறந்துவிடுகிறோம்! இரத்த வகையும், அழுத்தமும், இரத்தசோகையின் அளவும் அதில்தான் உள்ளன. தாய்வீட்டு ஊரின் சுகாதார செவிலியரிடம் சென்றவுடன் அதைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும்.

108 ஊர்தி தமிழகத்தில் 2008 முதல் கட்டணமின்றி ஓடுகிறது. அது உங்கள் சந்தினுள் நுழையுமா, ஐப்பசி மழையில் எதுவரை வரும் என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். இரத்தம் தரக்கூடிய இருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ள ஏழைத் தாய்மார்க்குக் கிடைக்கும் 18,000 ரூபாய் உதவி தவணைகளாகவும் சத்துப் பொருளாகவும் வருவது. நோவு கண்ட இரவில் அது கைக்கு வராது. ஆதலால் சேலைக்குச் சிறிதாக ஒரு தொகையை ஐந்தாம் மாதம் தொட்டே ஒதுக்குவது நலம்.

தறியின் இரண்டாவது கைக்கு அண்ணியையோ தம்பியையோ எட்டாம் மாதத்திலேயே கேட்டு வைக்கலாம். அதற்கும் வழியில்லாதவர், அச்சில மாதங்களுக்குக் கோர்வையில்லாத சேலைக்குப் பாவு தருமாறு முதலாளியிடம் கேட்கலாம். கூலி குறையும், ஆயினும் ஒருவரே நெய்துவிடலாம்.