மூர்வீதியில் ஒரு பழைய வீடும் ஒரு வாடகைப் பற்றுச்சீட்டும்

மன்னார் மூர்வீதியில் எங்கள் மூத்தம்மாவின் வீட்டில் இன்று குடியிருப்பது ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். மாதம் பிறந்ததும் வாடகை வந்துவிடும். நான் பற்றுச்சீட்டு எழுதுவேன். அடிக்கட்டையில் அவர்களின் கையெழுத்தை வாங்கிக்கொள்வேன். "தம்பி, நமக்குள்ள இதெல்லாம் எதுக்கு?" என்று அந்த வீட்டு ஐயா ஆரம்பத்தில் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை, வடக்கில் வீடு வளவு வைத்துக்கொண்டு வேறு ஊர்களில் வாழும் நம்மவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் மக்களில் பெரும்பாலானோர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்து, புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினார்கள். புறப்படும்போது பலர் வீட்டுத் திறப்பை அயலவரிடம் கொடுத்து, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அதற்கு எழுத்து ஏதும் கிடையாது. பிறகு அந்த வீடுகள் சிலவற்றில், யுத்தத்தில் இடம்பெயர்ந்த வேறு குடும்பங்களும் வந்து தங்கின. அவர்களும் நம்மைப் போல ஊர் இழந்தவர்களே.

திறப்பைக் கொடுத்தவரும் வாங்கியவரும் மௌத்தான பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. என் உறவினர் ஒருவரின் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வாங்கியவரின் பிள்ளைகளுக்கு, தாம் பிறந்து வளர்ந்த வீடு அது என்பது மட்டுமே தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் உண்மையைச் சொல்ல ஆளும் இல்லை, தாளும் இல்லை.

சட்டம் சொல்வது இதுதான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஒருவர் உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றித் தொடர்ந்து பத்து வருடங்கள் ஒரு காணியை ஆண்டால் உரிமை கோரலாம். ஆனால் அந்தக் காலத்தில் வாடகையோ விளைச்சலில் பங்கோ கொடுத்து, இன்னொருவரின் உரிமையை அவர் ஏற்றிருக்கக் கூடாது. அதாவது வாடகை கொடுப்பவர் ஒவ்வொரு மாதமும் "இது உங்கள் வீடு" என்று ஒப்புக்கொள்கிறார். "வாடகை வேண்டாம், சும்மா இருங்கள்" என்று எழுத்தில்லாமல் நாம் காட்டும் பெருந்தன்மைதான் பிற்காலத்தில் வழக்காக மாறக்கூடியது. வாடகை சிறிய தொகையாக இருந்தாலும் போதும். அதற்குச் சான்று இருக்க வேண்டும்.

யுத்தத்தால் நீதிமன்றம் செல்ல முடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அவர்களுக்கு எதிராகக் கணக்கிடப்படாது என்பதே அதன் சாரம். ஆனால் யுத்தம் முடிந்தும் பத்து வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த வருடங்களுக்கு யுத்தத்தைக் காரணம் காட்ட முடியாது.

எனவே செய்ய வேண்டியவை சில. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். காணிப் பதிவகத்தில் உறுதியின் நிலையைப் பாருங்கள். நகர சபைக்கு ஆதன வரியைக் கட்டி, அந்தப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூத்தம்மாவின் வீடு எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. என் ராத்தாவுக்கும் சாச்சியின் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. ஒரு பங்காளி வைக்கும் கையெழுத்து அவருடைய பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே எல்லோரும் ஒப்பமிட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். வாடகையையும் பங்குப்படி பிரிக்க வேண்டும். பெண்களின் பங்கை "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவிட்டு, நம் உரிமை பறிபோனது என்று ஊருக்குச் சொல்வது நியாயமல்ல.

பழைய வீட்டுக்கு ஒரு தனி நிபந்தனையும் எழுதினோம். எங்கள் சுவர்கள் கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரமும் கடலுப்பும் உள்ளே அடைபட்டு, சுவர் உதிரும். எனவே பூச்சு வேலை சுண்ணாம்பால்தான் நடக்க வேண்டும், செலவு எங்களுடையது. ஓடு மாற்றுவதும் துப்புரவும் அவர்களுடையது என்று பிரித்துக்கொண்டோம். பூட்டிக் கிடக்கும் வீட்டைவிட அடுப்பெரியும் வீடு நீண்ட காலம் நிற்கும் என்பதை அந்தக் குடும்பம் எங்களுக்குக் காட்டியிருக்கிறது.

மன்னார் மாறிக்கொண்டிருக்கிறது. 2015இல் தலைமன்னார் ரயில் திரும்ப வந்தது. தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. வேலைக்காக வெளியூரவர்கள் வருகிறார்கள். வாடகை வீடு தேடுகிறார்கள். விற்றுவிடச் சொல்வோரும் இருக்கிறார்கள். விற்காமலும் பூட்டாமலும் இருக்க ஒரு வழி, முறையாக வாடகைக்குக் கொடுப்பது.

குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், தவணையுடைய கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. நம்பிக்கை இல்லாதவர்களுக்காக இறங்கியதல்ல அது. ஈமான் கொண்டவர்களை விளித்தே தொடங்குகிறது.

அந்த ஐயாவிடம் நான் சொன்னதும் இதுதான்: "ஐயா, நீங்களும் நானும் இருக்கும் வரை இந்தத் தாள் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் சண்டை போடாமல் இருக்கத்தான் இது." அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.