அரசாணைக்கு முன்பே செல்லாமற்போகும் காசு

ஒரு நாணயம் புழக்கத்திலிருந்து மறைவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. அரசு தன் அரசிதழில் நாள் குறித்து அறிவித்துத் திரும்பப் பெறுவது ஒன்று. கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் வாடிக்கையாளரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்க மறுக்க, சட்டம் செல்லும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது செல்லாக் காசாகிவிடுவது மற்றொன்று. சேலம்–ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த பொம்மிடியும் அதனைச் சூழ்ந்த தருமபுரி மாவட்டமும் இரண்டையும் கண்டவை. இவற்றுள் மக்களுக்கு அதிக இழப்பைத் தந்தது இரண்டாவது வழிதான்.

முதல் வழிக்குச் சான்று 25 பைசா. ரூபாய் 100 காசுகளாகப் பகுக்கப்பட்டது 1957 ஏப்ரல் 1 அன்று. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு நிலவியதால், கால் ரூபாய்க் காசை 'நாலணா' என்றும் அரை ரூபாயை 'எட்டணா' என்றும் அழைக்கும் வழக்கம் அணா ஒழிந்து அரை நூற்றாண்டு கடந்தும் தமிழ்நாட்டில் நீடித்தது. அந்த நாலணாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என மத்திய அரசு 2010 டிசம்பரிலேயே அறிவித்து, அதுவரை வங்கிகளில் மாற்றிக்கொள்ள இடமளித்தது. விலைவாசி ஏறி, நாலணாவுக்கு மிட்டாய்கூடக் கிடைக்காத நிலை முன்பே வந்துவிட்டதால், எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. கடைத்தெரு என்றோ எடுத்துவிட்ட முடிவுக்கு அரசாணை பின்னால் வந்து சேர்ந்தது எனலாம்.

10 ரூபாய் நாணயத்தின் கதை இதற்கு நேர்மாறானது. இந்நாணயம் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு வடிவமைப்பில் அச்சிடப்பட்டது. ரூபாய்க் குறியீடு உள்ளதும் இல்லாததும், 10 கோடுகள் உள்ளதும் 15 கோடுகள் உள்ளதும் ஒரே கல்லாப்பெட்டியில் கலந்து கிடந்தபோது, இவற்றில் ஒருவகை போலி என்ற வதந்தி கிளம்பியது. அதுவரை வந்திருந்த 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவுபடுத்தியது; ஆயினும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் மறுப்பு நின்றபாடில்லை. தான் வாங்கினால் அடுத்தவர் வாங்கமாட்டாரே என்ற அச்சம் ஒவ்வொருவருக்கும் இருந்ததால், நாணயம் நல்லது என்று அறிந்தவரும் அதை ஏற்கத் தயங்கினார். பணத்தின் மதிப்பு உலோகத்தில் இல்லை, பிறர் ஏற்பார் என்ற நம்பிக்கையில் இருக்கிறது என்று பொருளியல் கூறுவது இதைத்தான்.

இந்த நிலையை நாடறியச் செய்தவர் பொம்மிடிக்கு அண்மையிலுள்ள அரூரைச் சேர்ந்த ஒருவர். தம் குடும்பத்துக் கடையில் சேர்ந்த 10 ரூபாய் நாணயங்களை வாடிக்கையாளர்கள் வாங்க மறுத்ததையும், சிறுவர்கள் அவற்றை மதிப்பற்ற விளையாட்டுப் பொருளாகக் கையாண்டதையும் கண்டு, 2022 ஜூனில் ஏறத்தாழ 6 இலட்சம் ரூபாய் விலையுள்ள காரை அந்நாணயங்களைத் திரட்டிக் கொடுத்தே வாங்கினார். 6 இலட்சம் ரூபாய்க்கு 60,000 நாணயங்கள் தேவை, ஒன்று 7.71 கிராம் என்பதால் மொத்த எடை 460 கிலோவைத் தாண்டும். சட்டப்படி விற்பனையாளர் இதை மறுத்திருக்கலாம் என்பதும் குறிப்பிடத்தக்கது: 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டவையுமான நாணயங்களை ஒரு கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரையிலும், 50 பைசாவை 10 ரூபாய் வரையிலும் மட்டுமே சட்டமுறைப் பணமாக, அதாவது கடனைத் தீர்க்கச் சட்டம் ஏற்கும் பணமாக, வரையறுக்கிறது.

சிறு நாணயத்தைக் கைவிடுவதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தை ஆக்க 1 ரூபாய் 11 பைசா செலவாவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2018இல் தெரியவந்தது. இதே காரணத்தால் கனடா தன் ஒரு சென்ட் நாணயத்தை அச்சிடுவதை 2012இல் நிறுத்தியது. அங்கு ரொக்கமாகச் செலுத்தும் தொகை மட்டும் அருகிலுள்ள 5 சென்டுக்குக் கூட்டியோ குறைத்தோ முழுமையாக்கப்படுகிறது, அட்டை வழிச் செலுத்தும் தொகை மாறுவதில்லை. விலை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கப்படும் என்பது இத்தகைய மாற்றங்களின்போது எங்கும் எழும் அச்சம். விதி இருபுறமும் ஒன்றுபோல் இயங்குமாறு எழுதப்பட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. விதியே இல்லாத இடத்தில்தான் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கைக்கு வருகிறது.

எட்டணா இந்த விதியில்லாத நிலையில்தான் இன்றும் நிற்கிறது. சட்டம் அதை ஒழிக்கவில்லை, கடைகள் வாங்குவதுமில்லை. நாலணாவுக்கு இறுதி நாளும் மாற்றிக்கொள்ள வங்கியும் குறிக்கப்பட்டிருந்தன. உண்டியலில் எட்டணா சேர்த்து வைத்த முதியவருக்கு அந்த இரண்டுமே இன்னும் அறிவிக்கப்படவில்லை.