எஞ்சின் மேல் ஒட்டிய எண்

அமெரிக்காவின் மெயின், வெர்மான்ட் மாநிலங்களிலும், எல்லைக்கு அப்பால் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களிலும் விறகடுப்பை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்கும் வீடுகள் இன்றைக்கும் ஏராளம். அங்கே விறகைக் 'கார்டு' கணக்கில் அளப்பார்கள். நான்கடி உயரம், நான்கடி அகலம், எட்டடி நீளத்துக்கு நெருக்கி அடுக்கிய அடுக்கு ஒரு கார்டு. அதாவது 128 கன அடி. முண்டாகவே போட்டுவைத்தால் விறகு லேசில் காயாது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டுமானால் பிளந்து அடுக்கிக் காற்றாட விட வேண்டும். கோடாலி பிடித்து ஓய்ந்தவர்கள் ஹைட்ராலிக் விறகு பிளக்கும் இயந்திரத்தைத் தேடுகிறார்கள். புதியதன் விலை பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடுவதால் பழையதற்கு எப்போதும் கிராக்கி உண்டு. விற்பவர் இரண்டு எண்களைச் சொல்வார்: இத்தனை டன், இத்தனை குதிரைத்திறன். வாங்க வருகிறவரின் கண் குதிரைத்திறனில் போய் நிற்கும். நம் ஊரில் கிணற்று மோட்டாரை "எத்தனை எச்.பி.?" என்று கேட்டே எடைபோடுகிற பழக்கம்தான் இதுவும். ஆனால் இந்த இயந்திரத்தில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் ஏமாற வேண்டியிருக்கும். கட்டையைப் பிளக்கும் விசையைத் தருவது சிலிண்டர். எஞ்சின் தருவது வேகம். இதைப் பிரித்துப் புரிந்துகொண்டவர் விற்பவரின் வாய்ச்சொல்லையோ ஒட்டுத்தாளையோ நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு அளவு நாடாவும் கடிகாரமும் போதும்.

இயந்திரத்தின் உள்ளே நடப்பது எளிமையானது. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்து, கைப்பிடியுள்ள வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. எண்ணெய் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் தண்டு கட்டையை ஆப்பின் மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தும் விசை எவ்வளவு என்பது எண்ணெயின் அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பால் பெருக்கினால் வந்துவிடும். நான்கு அங்குல உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 12.6 சதுர அங்குலம். எண்ணெயின் அழுத்தம் 2,500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு) என்றால் விசை சுமார் 31,400 பவுண்டு. அமெரிக்கக் கணக்கில் 2,000 பவுண்டு ஒரு டன் என்பதால், இது 16 டன்னுக்குச் சற்றுக் குறைவு. அழுத்தத்தை 3,000 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றினாலும் 19 டன்னை எட்டாது. ஐந்து அங்குலச் சிலிண்டரோ 2,500 பி.எஸ்.ஐ.யில் 24 டன்னையும், 3,000 பி.எஸ்.ஐ.யில் 29 டன்னையும் கடக்கிறது. ஆக, நான்கு அங்குலச் சிலிண்டர் பொருத்திய இயந்திரத்தை "27 டன்" என்று ஒருவர் விற்றால், அதற்கு 4,300 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். இவ்வகைப் பம்புகளும் வால்வுகளும் பெரும்பாலும் 3,000 பி.எஸ்.ஐ. அளவுக்கே செய்யப்படுகின்றன. சிலிண்டரின் வெளிவிட்டத்தை அளந்து அரை அங்குலம் கழித்தால் உள்விட்டம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். இந்தக் கணக்கு முழுவதிலும் எஞ்சினின் குதிரைத்திறன் ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் எஞ்சின் எதற்கு? எண்ணெயை எவ்வளவு விரைவாகத் தள்ள முடியும் என்பதற்குத்தான். நிமிடத்துக்கு இத்தனை கேலன் என்ற ஓட்டத்தை அழுத்தத்தால் பெருக்கி 1,714-ஆல் வகுத்தால் தேவையான குதிரைத்திறன் கிடைக்கும். உராய்வில் போவதற்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 11 கேலன் எண்ணெயை 2,500 பி.எஸ்.ஐ.யில் தள்ள இந்தக் கணக்குப்படி 16 குதிரைத்திறன் தேவை. ஆனால் 11 கேலன் பம்ப் பொருத்திய பல இயந்திரங்களில் 5 குதிரைத்திறன் எஞ்சின்தான் இருக்கிறது. அவை நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டு நிலைப் பம்ப் என்ற நல்ல ஏற்பாட்டால்தான் இது முடிகிறது. பம்பின் உள்ளே பெரிதும் சிறிதுமாக இரண்டு பல்சக்கர இணைகள் உண்டு. தண்டு வெறுமனே முன்னேறும்போது இரண்டும் சேர்ந்து எண்ணெயைக் கொட்டுகின்றன. ஆப்பு கட்டையில் பதிந்து அழுத்தம் சுமார் 650 பி.எஸ்.ஐ.யைத் தொட்டதும் பெரிய இணை விலகிக்கொள்கிறது. சிறிய இணை மட்டும் நிமிடத்துக்கு 3 கேலன் அளவில் மெதுவாக, முழு அழுத்தத்தோடு தள்ளுகிறது. 650-இல் 11 கேலன், 2,500-இல் 3 கேலன் என்று இரண்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நான்கு குதிரைத்திறனுக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும். அதனால்தான் கேலன் எண்ணில் பாதியளவு குதிரைத்திறன் இருந்தால் போதும் என்ற கைக்கணக்கு வழங்குகிறது. 16 கேலன் பம்புக்கு 8, 22 கேலன் பம்புக்கு 11 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஒட்டுத்தாளின் கதைக்கு வருவோம். சிறு எஞ்சின்களின் குதிரைத்திறனை அறிவிப்பதில் நெடுங்காலம் ஒரு குழப்பம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் காற்று வடிகட்டி, சைலன்சர் போன்றவற்றின் இழப்பைச் சேர்க்காமல் அளந்தால் ஒரு எண் வரும். வேலைக்கு வரும் நிலையில் அளந்தால் அதைவிடச் சிறிய எண் வரும். விற்பனைக்கு உதவியது பெரிய எண். புல்வெட்டும் இயந்திர எஞ்சின்களின் குதிரைத்திறனை மிகைப்படுத்திச் சொன்னார்கள் என்று அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு, 2010-இல் மில்வாக்கி கூட்டாட்சி நீதிமன்றத்தில் சுமார் 6.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே எஞ்சின் குடும்பங்கள்தான் விறகு பிளக்கும் இயந்திரங்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. இந்தச் சர்ச்சைக்கிடையே பல நிறுவனங்கள் குதிரைத்திறனை விட்டுவிட்டு சி.சி. அளவையோ முறுக்குவிசையையோ அச்சிடத் தொடங்கின. ஹோண்டாவின் ஜி.எக்ஸ்.160 ஒரு காலத்தில் 5.5 குதிரைத்திறன் என்று விற்றது. இன்று அதற்கு 4.8 என்றே சொல்கிறார்கள். 13 என்று விற்ற ஜி.எக்ஸ்.390-க்கு இன்று 11.7. ஆகவே பழைய எஞ்சினை மதிப்பிடச் சி.சி.தான் நம்பகமான அளவு. இந்த வகை நவீன எஞ்சின்களில் சுமார் 34 சி.சி.க்கு ஒரு குதிரைத்திறன் என்று கொள்ளலாம். வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்த பழைய வகைகளில் 40 சி.சி. வரை வேண்டும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினில் ஒட்டுத்தாள் உரிந்துபோயிருந்தாலும் தகட்டில் மாதிரி எண் பொறித்திருக்கும். ஆறிலக்க மாதிரி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்கின்றன. 13-இல் தொடங்குவது பழைய 5 குதிரைத்திறன் எஞ்சின். 19-இல் தொடங்குவது 8.

"எஞ்சின் பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? வலு கூடுதலாகத்தானே இருக்கும்" என்பார்கள். பம்ப் கேட்கிற அளவுக்கு மேல் எஞ்சின் எதையும் கொடுப்பதில்லை. கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி, சுமை ஏறும்போது கார்புரேட்டரைத் திறந்தும் குறையும்போது மூடியும் வேகத்தை ஒரே நிலையில் வைக்கிறது. 11 கேலன் பம்பில் 13 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டினாலும் தண்டு அதே வேகத்தில்தான் வரும், அதே விசையோடுதான் அழுத்தும். பெட்ரோல் மட்டும் அதிகமாகப் போகும். ஆனாலும் இந்த வாதத்தில் ஓர் உண்மை இருப்பதை மறுக்கக் கூடாது. உயரமான இடங்களில் காற்று மெலிவதால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3.5 சதவீதத் திறன் குறைகிறது. ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். குளிரில் எண்ணெய் கெட்டிப்படும்; ரிங் தேய்ந்த எஞ்சினும் தளர்ந்திருக்கும். எனவே கைக்கணக்குக்கு மேல் கால்பங்கு கூடுதல் திறன் இருப்பது நல்லது. அதைத் தாண்டிய எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

எஞ்சினின் உண்மையான திறனை அறியச் சுமை ஏற்றிப் பார்ப்பதே வழி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால், கிளப்புவதில் சிரமம் இருக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. பிறகு, கட்டை எதுவும் வைக்காமல் தண்டை முழுதும் ஓட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். நான்கு அங்குலச் சிலிண்டர், 24 அங்குல ஓட்டம், 11 கேலன் பம்ப் என்றால் தண்டு ஏழு வினாடியில் வெளியே வந்துவிட வேண்டும். பன்னிரண்டு, பதினைந்து என்று இழுத்தால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது எஞ்சின் தன் வேகத்தை எட்டவில்லை. அடுத்து, கணு நிறைந்த முண்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நேரிழை கொண்ட ஆஷ் மரம் எதற்கும் பிளந்துகொடுக்கும். அதைக் காட்டி இயந்திரத்தை மெச்சுவதில் பொருளில்லை. இழை பின்னிக்கொண்ட எல்ம் மரந்தான் பரீட்சை. ஆப்பு பதியும்போது எஞ்சின் ஓசை ஒரு கணம் தாழ்ந்து, கவர்னர் திறந்து, மீண்டும் நிமிர வேண்டும். தண்டு வேகம் குறைந்து அழுத்திக்கொண்டே போக வேண்டும். எஞ்சின் திணறி அணைந்துவிட்டால் உடனே அது நோஞ்சான் என்று முடிவு கட்டாதீர்கள். பம்பின் பெரிய இணை விலகாமல் சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறிதான். அப்போது 5 குதிரைத்திறன் எஞ்சினிடம் 16 கேட்கப்படுகிறது. இதற்கு மாறாகத் தண்டு நின்றுபோய், எஞ்சின் மட்டும் சுமையே தெரியாமல் ஓடினால், குறை எஞ்சினில் இல்லை. அழுத்தம் எல்லை மீறாமல் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு தாழ்வாக வைக்கப்பட்டிருக்கலாம். பிஸ்டன் சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே நழுவலாம். அழுத்தமானி ஒன்றைப் பொருத்திக் காட்டச் சொன்னால் இந்தச் சந்தேகமெல்லாம் தீரும்.

ரிலீஃப் வால்வின் திருகை முறுக்கினால் டன் கூடும் என்று சொல்பவர்களும் உண்டு. கூடும், உண்மைதான். கூடவே ஹோஸும் சிலிண்டரும் தாங்கும் எல்லையைத் தாண்டும் ஆபத்தும் கூடும். கசிவு இருக்கிறதா என்று ஹோஸைக் கையால் தடவிப் பார்ப்பது அதைவிடக் கொடியது. ஊசித் துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். அட்டைத் துண்டு ஒன்றைத் தள்ளிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சோதித்துப் பார்க்கும்போதும் ஒருவர் கட்டையைப் பிடிக்க, மற்றவர் கைப்பிடியை இயக்குவது வேண்டாம். கட்டையை வைப்பவரே கைப்பிடியையும் இயக்க வேண்டும்.

எஞ்சினுக்கு முதலிடம் தர வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முழு இயந்திரத்திலும் எளிதாக மாற்றக்கூடியது அதுதான். சிறு எஞ்சின்களின் தண்டு விட்டமும் போல்ட் இடைவெளியும் பெரும்பாலும் பொது அளவில் இருக்கின்றன. 5, 6 குதிரைத்திறன் எஞ்சின்களில் முக்கால் அங்குலத் தண்டும், 8 முதல் 13 வரை ஒரு அங்குலத் தண்டும் வழக்கம். டெக்கும்சே எஞ்சின் உற்பத்தி 2008-இல் நின்றுபோனதால் அதன் உதிரிகள் கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட எஞ்சின் இருந்தால், மாற்றுச் செலவைக் கழித்து விலை பேசலாமே தவிர, இயந்திரத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சிலிண்டரையும் ஆப்பையும் தாங்கும் உத்திரம் வளைந்திருந்தால் யாரும் நேராக்கித் தர மாட்டார்கள். ஆப்பின் அடியில் பற்றவைத்த இடத்தில் விரிசல், பிஸ்டன் தண்டில் ஆழமான கீறல், தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்த எண்ணெய் இவற்றில் ஒன்று இருந்தாலும் எஞ்சினின் அழகு உதவாது.

ஐந்து அங்குலச் சிலிண்டரும், நேரான உத்திரமும், களைத்துப்போன 8 குதிரைத்திறன் எஞ்சினும் உள்ள இயந்திரம் ஒரு பக்கம்; பளபளக்கும் 13 குதிரைத்திறன் எஞ்சினோடு விரிசல் விட்ட ஆப்பும் நான்கு அங்குலச் சிலிண்டரும் உள்ளது இன்னொரு பக்கம் என்றால், இரண்டும் ஒரே விலையாக இருந்தாலும் முதலாவதையே வாங்குங்கள்.