பழைய டிராக்டர் வாங்கியதும் மாற்ற வேண்டிய ஆயில்

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் சேடை ஓட்டும் காலம் வந்துவிட்டால் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் பெறும் பாகூர் ஏரியின் ஆயக்கட்டிலும், சங்கராபரணியை ஒட்டிய பல ஊர்களிலும் கழனிகள் நீர் கட்டியதும் ஆழமாக இளகிவிடும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி இங்கே புதைந்து நின்றுவிடுவதால், நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரை விவசாயிகள் தேடுகின்றனர். புதிதாக வாங்க வசதி இல்லாதவர்கள், நகையை அடகு வைத்தாவது பழைய வண்டி ஒன்றை வாங்கி, சொந்த உழவையும் பார்த்துக்கொண்டு வாடகைக்கும் ஓட்டுகின்றனர்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பூஜை போட்டு, என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது வழக்கம். அது சரியே. ஆனால் என்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் பல்சக்கரங்கள் எந்த ஆயிலில் ஓடுகின்றன, அந்த ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பவர் குறைவு. குறிப்பாக முன் ஆக்சிலில் ஆயில் உண்டு என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சேற்றில் முதலில் கெடுவதும் அதுதான்.

ஆயில் எங்கெங்கே இருக்கிறது?

பெரும்பாலான டிராக்டர்களில் கியர் பாக்ஸ், பின் டிபரன்ஷியல், ஹைட்ராலிக் ஆகிய மூன்றும் ஒரே ஆயிலைப் பங்கிட்டுக் கொள்கின்றன. சில மாடல்களில் இவை தடுக்கப்பட்டுத் தனித்தனியாக இருக்கும். முன் ஆக்சில் இதில் சேராது. அதன் நடுவில் உள்ள டிபரன்ஷியலுக்கு ஒரு போல்ட், இடது ஹப்புக்கு ஒன்று, வலது ஹப்புக்கு ஒன்று எனப் பல வண்டிகளில் மூன்று இடங்களில் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். பின்புறம் எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் அதில் ஒரு சொட்டுக்கூட முன்புறம் போகாது.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. 1947-ல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப் முதற்கொண்டு, கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் பெட்டி, முன் டிபரன்ஷியல், பின் டிபரன்ஷியல் என நான்கு இடங்களில் ஆயில் பார்ப்பது ஜீப் ஓட்டுநரின் பழக்கம். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய கார் வாங்குகிறவருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

சேடை ஓட்டும்போது முன் ஹப் பாதிக்கு மேல் சேற்றில் மூழ்கியே சுழல்கிறது. வேலையில் ஆக்சில் சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூச்சுத் துளை வழியாக வெளியேறும். மதியம் சாப்பாட்டுக்காக வண்டியைச் சேற்றிலேயே நிறுத்தினால் ஆக்சில் குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கும். மூச்சுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், சுருங்கிய இடத்தை நிரப்ப ஆயில் சீலின் ஓரமாகச் சேற்று நீர் இழுக்கப்படுகிறது. சீல் புதிதாக இருந்தால் ஓரளவு தாங்கும். பழைய வண்டியில் சீலின் உதட்டில் களிமண் புகுந்து, அது சுழலும் தண்டையே அரம்போல் தேய்த்திருக்கும். வைக்கோல் தாளும், வரப்பில் கிடக்கும் நைலான் கயிறும் ஹப்பில் சுற்றிக்கொண்டு சீலை அறுப்பதும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தினாலே இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

உள்ளே போன தண்ணீர் ஆயிலோடு அடிபட்டு, பால் விட்ட தேநீர் நிறத்துக்கு மாறும். இந்தக் கலவை பல்லுக்கும் பல்லுக்கும் இடையே தாக்குப்பிடிக்காது. இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும். வண்டி இரண்டு மாதம் சும்மா நிற்கும்போது பேரிங் குண்டுகளில் துருப் புள்ளிகள் விழும். மறு பருவத்தில் முன் சக்கரத்திலிருந்து உறுமல் கேட்கும். அப்போது பேரிங், கிரவுன், பினியன் என்று மாற்றத் தொடங்கினால், ஒரு பருவத்து வாடகை வருமானம் பட்டறைக்கே போய்விடும். அது நட்டம் மட்டுமல்ல. அடகு வைத்த நகையை மீட்கும் காலமும் தள்ளிப் போகும். முன் ஆக்சிலுக்கு வேண்டிய ஆயிலோ சில லிட்டர்தான்.

வாங்கும் முன்பே சோதிக்கலாம்

தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. இரவு முழுதும் அசையாமல் நின்ற வண்டியில், கலந்துபோகாத தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். ஆகவே காலையில் என்ஜினைக் கிளப்பும் முன்பு முன் ஆக்சிலின் அடிப் போல்ட்டை முழுதும் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்திப் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர் சொட்டினால் சீல் போயிற்று என்று பொருள். தேன் நிறத்திலோ கருத்தோ தெளிவாக ஆயில் வந்தால் கவலை இல்லை. வெளுத்து வந்தால், அதற்கான செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துப் பேசலாம். விற்பவர் போல்ட்டைத் தொடவே விடவில்லை என்றால், வேறு வண்டி பார்ப்பதே மேல்.

மணிக்கணக்கு மீட்டரை நம்ப வேண்டாம். அது ஓடாமல் நின்றிருக்கலாம், மாற்றப்பட்டும் இருக்கலாம். வாங்கிய நாளையே முதல் நாளாகக் கொண்டு எல்லா ஆயிலையும் ஒரு முறை மாற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்குவதே சரியான முறை.

எந்த ஆயில்?

கடைக்காரர் கொடுப்பதை ஊற்றுவது கூடாது. வண்டியின் ஆபரேட்டர் புத்தகத்தில் எந்த இடத்துக்கு எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். பழைய வண்டியோடு புத்தகம் வந்திராவிட்டால், தகட்டில் உள்ள மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் டீலரிடம் கேட்டுப் பெற வேண்டும்.

எண்ணெய் டப்பாவில் உள்ள எண்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. 90 நம்பர் கியர் ஆயில், 40 நம்பர் என்ஜின் ஆயிலைப்போல் இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறார்கள். கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் அளவுகோல்களே வேறு. உண்மையில் 90 நம்பர் கியர் ஆயிலின் கெட்டித் தன்மை 40, 50 நம்பர் என்ஜின் ஆயிலுக்குக் கிட்டத்தட்டச் சமம். வித்தியாசம் கெட்டியில் இல்லை. உள்ளே சேர்த்திருக்கும் மருந்துகளில் இருக்கிறது.

கியர் ஆயிலில் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று தரம் உண்டு. பெரிய எண் எப்போதும் மேலானது என்று கொள்ளக்கூடாது. ஜி.எல். 5-ல் பல்லைக் காக்கும் கந்தகச் சேர்மானம் கூடுதல். அது கடும் அழுத்தம் விழும் சில டிபரன்ஷியல்களுக்கு ஏற்றது. ஆனால் பித்தளை, வெண்கல வளையங்கள் உள்ள பழைய கியர் பாக்ஸ்களில் அந்த உலோகத்தை அரித்துவிடக்கூடும்.

அதைவிட முக்கியமானது பிரேக். இன்று ஓடும் டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் தட்டுகள் ஆயிலில் மூழ்கியே இருக்கின்றன. அதே ஆயில்தான் ஹைட்ராலிக் லிப்டையும் தூக்குகிறது. இவற்றுக்கென்றே கியர், பிரேக், ஹைட்ராலிக் மூன்றுக்கும் பொதுவான டிராக்டர் ஆயில் விற்கப்படுகிறது, யு.டி.டி.ஓ. என்று டப்பாவில் போட்டிருக்கும். அந்த இடத்தில் சாதாரண 90 நம்பரை ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிப்பு ஒழுங்காக இராது, லிப்ட் மந்தமாகும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு வில்லியனூர் சாலையில் வரும்போது பிரேக் பிடிக்காமல் போவது விளையாட்டல்ல.

மாற்றும் முறை

சமமான களத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டினால் ஆயில் இளகி, அடியில் உள்ள கசடும் கலந்து வெளியே வரும். சோதிப்பதற்குக் குளிர்ந்த வண்டி, வடிப்பதற்குச் சூடான வண்டி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். என்ஜினை நிறுத்தி, லிப்டைக் கீழே இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. உறுதியான கட்டைகளின் மேல் ஆக்சிலை உட்கார வைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

போல்ட்டைச் சுற்றியுள்ள சேற்றைச் சுரண்டித் துணியால் துடைக்க வேண்டும். பிறகு முதலில் திறக்க வேண்டியது ஊற்றும் போல்ட். வடிக்கும் போல்ட்டை முதலில் கழற்றுவது பலரும் செய்யும் தவறு. உள்ளே இருந்த ஆயில் எல்லாம் வடிந்த பின், ஊற்றும் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். பழைய டிராக்டரில் இது அடிக்கடி நடக்கிறது. இறுகிய போல்ட்டுக்கு அளவான ரிங் ஸ்பானர் போட்டு, மெல்லத் தட்டிக் கொடுத்துக் கழற்ற வேண்டும். திருகுச் சாவியை மாட்டி இழுத்தால் முனை மழுங்கிவிடும்.

ஹப்பின் முகத்திலேயே ஒரு போல்ட் உள்ள மாடல்களில், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி அந்தப் போல்ட்டைக் கீழே கொண்டு வந்து வடிக்க வேண்டும். பிறகு அதைக் கடிகாரத்தின் மூன்று அல்லது ஒன்பது மணி நிலைக்குத் திருப்பி, ஆயில் விளிம்பைத் தொடும் வரை ஊற்ற வேண்டும். எந்த அளவுக்கு என்பதைப் புத்தகம் பார்த்துச் செய்வது நல்லது.

வடியும் ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடித்தால், அதைப் பார்த்தே உள்ளே நடப்பதை அறியலாம். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயற்கைத் தேய்மானம். விரலில் குத்தும் சில்லுகள் வந்தால் ஏதோ ஒரு பல் அல்லது பேரிங் உடைகிறது. அப்போது புது ஆயிலை வீணாக்காமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

வெளுத்த ஆயில் வந்த ஆக்சிலை மண்ணெண்ணெய், டீசல் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறது. அது மூலைகளில் தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். அதற்குப் பதில் அதே தர ஆயிலை ஊற்றி, ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு மீண்டும் புதிது ஊற்ற வேண்டும். முன் ஆக்சிலுக்கு இது பெரிய செலவு அல்ல. பின்புறப் பெட்டியோ பல மாடல்களில் 30 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஆதலால் அங்கே இரவு முழுதும் வடியவிட்டு, ஹைட்ராலிக் ஃபில்டரையும் மாற்றி, வலையைக் கழுவிப் போட்டால் பெரும்பாலும் போதும்.

போல்ட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும். மூச்சுத் துளையைக் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும். இது சிறு வேலை. ஆனால் இதை விட்டுவிட்டால் முன்சொன்ன எல்லாம் வீண். ஆயிலை மெதுவாக ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து, அளவு குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் நுரைத்துச் சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் அளவு பார்ப்பது அவசியம்.

சரியாக ஓடும் வண்டிக்குப் புத்தகம் சொல்லும் மணிக்கணக்கே போதுமானது. பின்புறப் பெட்டிக்குப் பல கம்பெனிகள் 1000 மணி நேரத்தை ஒட்டிச் சொல்கின்றன. ஆனால் சேற்றில் ஓடும் முன் ஆக்சிலை மணிக்கணக்கைப் பாராமல் ஒவ்வொரு சேடைக்குப் பின்னும் சோதிக்க வேண்டும். மாற்றிய சில வாரத்தில் மீண்டும் வெளுத்தால், குறை ஆயிலில் இல்லை. சீலை மாற்றியே ஆக வேண்டும். அது வீட்டு வேலை அல்ல. ஹப்பைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் உள்ளவரிடம் விடுவதே நல்லது. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது வேகமாக அடிக்கும் நீரைச் சீலுக்கும் மூச்சுத் துளைக்கும் நேராகக் காட்ட வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.

தார்ச் சாலையில் கவனம்

கழனியிலிருந்து ஏறியதும் முன் சக்கர லீவரை விலக்க மறந்து, சாலையில் அப்படியே ஓட்டி வருகிறார்கள். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாகச் சுழலும்படியே இவ்வண்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. சேற்றில் சக்கரம் வழுக்குவதால் அந்த வித்தியாசம் தெரியாது. தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. அந்த இழுபறி முழுவதும் முன் பல்சக்கரங்களின் மேல் விழுந்து, டயரும் தேய்ந்து, ஆயிலும் கொதிக்கிறது. பழைய வண்டியில் முன் டயரையோ பின் டயரையோ வேறு அளவில் மாற்றிப் போட்டிருந்தாலும் இதே கேடுதான். டயரின் ஓரத்தில் உள்ள எண்களைப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

கழிவு ஆயில்

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டக்கூடாது. மண்ணில் இறங்கினால் கிணற்று நீருக்குக் கேடு. வாய்க்காலில் கலந்தால் நீரின் மேல் படலமாகப் பரவி மீன்களைப் பாதிக்கும். பூச்சிக்கு என்று பயிரில் தெளிப்பதும் தவறு. கழிவு எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. மூடியுள்ள கேனில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். தோலில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பழைய குடிநீர் கேனில் ஊற்றி வைத்துவிட்டுக் குழந்தைகள் கையில் கிடைக்கச் செய்யக்கூடாது.

எல்லாம் முடிந்ததும் மாற்றிய தேதி, மீட்டர் எண், ஆயிலின் பெயர் மூன்றையும் மட்கார்டின் உட்புறம் பெயிண்டால் எழுதி வைக்கலாம். முதல் சேடை முடிந்த மறுநாள் காலை, வண்டியைக் கிளப்பும் முன், மூன்று அடிப் போல்ட்டுகளையும் தளர்த்திப் பார்க்க வேண்டும். தண்ணீர் சொட்டவில்லையானால் அடுத்த கழனிக்கு ஓட்டலாம்.