கேபிள் டிவி தொழில் சரியும்போது கூட வேலை பார்க்கிறவங்களை எப்படி காப்பாத்துறது?



கடையம், ஆழ்வார்குறிச்சி, தென்காசி பக்கம் கேபிள் தொழில்ல இருக்கிற ஆபரேட்டர், லைன்மேன், கலெக்‌ஷன் தம்பிங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு. "அண்ணாச்சி, அடுத்த மாசத்துல இருந்து கனெக்‌ஷன் வேண்டாம், யூடியூப்லயே எல்லாம் பார்த்துக்கிறோம்" என்ற வார்த்தையை நீங்க கேட்காத மாசமே இருக்காது.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கோங்க. இது உங்க தெருவுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. அகில இந்திய டிஜிட்டல் கேபிள் கூட்டமைப்பும் இஒய் நிறுவனமும் 2025-ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2018-ல நாட்டுல 15.1 கோடி வீடுகள் காசு கட்டி டிவி பார்த்தன. 2024-ல அது 11.1 கோடி. 28,181 ஆபரேட்டர்கள்கிட்ட விசாரிச்சதுல, அவங்ககிட்ட வேலை பார்த்தவங்க எண்ணிக்கை 31 சதவீதம் குறைஞ்சிருக்கு. ஓடிடி, யூடியூப், மாசக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ், ஏறிக்கிட்டே போற சேனல் விலை எல்லாம் சேர்ந்து செஞ்ச வேலை இது. அதனால "நம்ம ராசி சரியில்லை"ன்னு உட்கார வேண்டாம்.

கணக்கு எங்கே இடிக்குது?

ஒரு உதாரணம் பார்ப்போம். 600 கனெக்‌ஷன், ஒவ்வொண்ணுலயும் கையில நிக்கிறது 100 ரூபாய்னு வச்சுக்குவோம். வருமானம் 60,000. ரெண்டு பேர் சம்பளம் 24,000, வாடகை, கரண்ட் எல்லாம் 8,000. மீதி 28,000.

இப்போ கனெக்‌ஷன் 350 ஆயிடுச்சு. வருமானம் 35,000. செலவு அதே 32,000. மீதி வெறும் 3,000! கனெக்‌ஷன் பாதிகூட குறையலை, ஆனா உங்க வீட்டுக்கு வர்ற பணம் பத்துல ஒன்பது பங்கு போயிடுச்சு. ஏன்னா நிலையான செலவு தானா குறையாது.

இந்த இடத்துலதான் நிறைய பேர் ரெண்டு முடிவுல ஒண்ணை எடுக்கிறாங்க. ஒண்ணு, லைன்மேனை திடீர்னு நிறுத்துறது. இன்னொண்ணு, வீட்டு நகையை அடகு வச்சு சம்பளம் போடுறது. ரெண்டுமே வேண்டாம். நகைக் கடன்ல சம்பளம் போட்டா, வருமானம் கூடாது, வட்டி மட்டும் கூடும்.

அப்போ என்ன செய்யலாம்?

1. கணக்கை மறைக்காதீங்க. வேலை பார்க்கிறவங்களை உட்கார வச்சு நோட்டைக் காட்டுங்க. "இன்னும் ஆறு மாசம் இப்படி ஓடும், அதுக்குள்ள இதைச் செய்யணும்"னு சொல்லுங்க. முன்கூட்டியே தெரிஞ்சா அவங்களும் வண்டிக் கடன், சீட்டுனு புதுசா எதுலயும் மாட்டிக்க மாட்டாங்க.

2. பக்கத்து ஆபரேட்டரோட சேருங்க. ரெண்டு கன்ட்ரோல் ரூம் தனித்தனியா ஓடினா செலவு 16,000. ஒண்ணா மாத்தி 10,000-க்குள்ள கொண்டு வந்தா, ஆளுக்கு 3,000 மிச்சம். மேலே சொன்ன கணக்குல உங்க கையில நிக்கிறது ரெண்டு மடங்கு ஆகுது. ஃபைபர் ஸ்ப்ளைசிங் மெஷினையும் பொதுவா வாங்கலாம்.

3. லைன்மேனை ஃபைபர் வேலைக்கு மாத்துங்க. டிவியை விட்டுப் போறவங்களுக்கு நெட் வேணுமே! லோக்கல் கேபிள் ஆபரேட்டர்களைப் பார்ட்னரா சேர்த்து, வருமானத்துல பங்கு கொடுத்துதான் பிஎஸ்என்எல் பல ஊர்ல ஃபைபர் இணைப்பு தருது. ஒரு இணைப்புல 150 ரூபாய் நிக்குதுன்னா, 80 இணைப்பு ஒரு ஆளோட 12,000 சம்பளத்தைத் தாங்கும். "80 வீடு பிடிச்சா என் வேலை நிக்கும்"னு ஒரு நம்பர் கையில இருந்தா, வெறும் ஆறுதலைவிட அது பெரிய தெம்பு. சீசனுக்கு முன்னாடி குற்றாலம் லாட்ஜ், ரிசார்ட்கள்ல வைஃபை, சிசிடிவி வேலையும் கேட்டுப் பாருங்க.

4. இன்சூரன்ஸை விட்டுடாதீங்க. நம்ம ஆளுங்க கம்பத்துல ஏறி வேலை பார்க்கிறவங்க. பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்துல வருஷத்துக்கு 20 ரூபாய்தான், விபத்துல உயிர் போனா குடும்பத்துக்கு 2 லட்சம். ஜீவன் ஜோதி பீமா 436 ரூபாய், எந்தக் காரணத்தால இறந்தாலும் 2 லட்சம். வருஷம் 456 ரூபாய், அதை முதலாளியே கட்டிடலாம்.

5. கைமாத்து கொடுக்கும்போது கவனம். வேலை போன நண்பருக்கு, திரும்பி வரலைன்னாலும் உங்க வீடு தாங்குற தொகையை மட்டும் கொடுங்க. அவரோட கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போடாதீங்க. அதுக்குப் பதிலா நாலு பேர்கிட்ட அவர் வேலையைப் பத்தி சொல்லி விடுங்க. அதுதான் நிலைச்சு நிக்கும்.

நம்ம கடையத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1918 கடைசியில கடலூர் சிறையில இருந்து வெளியே வந்த பாரதியார், மனைவி செல்லம்மாவோட ஊரான இங்கேதான் வந்து தங்கினார். தன் எழுத்தையெல்லாம் புத்தகமாப் போட நண்பர்கள்கிட்ட கடன் கேட்டார், நினைச்ச மாதிரி பணம் சேரலை. 1920-ல சென்னைக்குப் போய், பழைய சுதேசமித்திரன் பத்திரிகை வேலையிலேயே மறுபடி சேர்ந்தார். ஒரு திட்டம் நடக்கலைன்னா, தெரிஞ்ச தொழிலை வச்சு அடுத்த அடி எடுத்து வைக்கிறதுல குறைச்சல் ஒண்ணும் இல்லை.

இன்னைக்கு ராத்திரியே ஒரு தாள் எடுங்க. கனெக்‌ஷன் எத்தனை, நிலையான செலவு எவ்வளவு, எத்தனை ஃபைபர் இணைப்பு வந்தா ஒருத்தர் சம்பளம் நிக்கும், இந்த மூணையும் எழுதுங்க. நாளைக்கு காலையில அதை உங்க லைன்மேன்கிட்டயும் காட்டுங்க.

உங்க ஊர்ல நிலைமை எப்படின்னு கமெண்ட்ல சொல்லுங்க. கேபிள் தொழில்ல இருக்கிற நண்பருக்கு இதை அனுப்பி விடுங்க.