புறநகர் ஊராட்சிக்கு ஏன் 55 லிட்டர்?

கிராம வீடுகளுக்குக் குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்துக்கு வைத்த கெடு 2024. இப்போது அது 2028 வரை நீண்டிருக்கிறது. இதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: நகரை ஒட்டிய ஊராட்சியில் இருக்கிறோம், வாசலில் குழாய் இருக்கிறது, அரசுக் கணக்கில் எங்கள் வீடு இணைப்பு பெற்றுவிட்டது, பிறகு ஏன் குடிக்கக் கேனும் புழங்க லாரியும்? விதிப்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நல்ல நீர் தவறாமல் வந்தால்தான் அது செயல்படும் இணைப்பு. அமைச்சர்கள் சொல்லும் எண்ணிக்கையோ குழாய் பொருத்தியதைக் காட்டுவது. பிறகு நீர் நின்றுபோனதா என்பதை அது சொல்லாது. 2022-இல் நாடு முழுக்க நடந்த மாதிரிக் கணக்கெடுப்பில் அளவு, தரம், ஒழுங்கு மூன்றும் சேர்ந்து தேறியவை சுமார் 62 விழுக்காடுதான்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த 55 என்ற எண். மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர் வழிகாட்டு நெறிகளில் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர், பெருநகரத்துக்கு 150. சாக்கடைக் குழாயில் கழிவு தேங்காமல் ஓடத் தண்ணீர் வேண்டும் என்பதே கூடுதல் அளவுக்கு முக்கியக் காரணம். ஆக, சாக்கடை இல்லாத ஊருக்கு நீர் குறைவு. ஊராட்சி என்பதால் சாக்கடைத் திட்டமும் எளிதில் வருவதில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அடித்தளம் பூசாத தொட்டியிலிருந்து கசிவது, அதே மனையின் போர்வெல்லுக்குப் போய்ச் சேர்கிறது. குழாய் நீரின் குறையை ஈடுசெய்ய அந்த வீட்டுக்கு இருப்பதும் அந்த போர்வெல்தான். கழிப்பறை கட்டியதோடு சுகாதாரம் வந்துவிட்டதாகச் சொல்லும் அறிவிப்புகளை இதனால்தான் ஏற்க முடியவில்லை.

கிராமத்துக்கு முன்பு 40 லிட்டர்தான், 55 முன்னேற்றம் அல்லவா என்று கேட்கலாம். வயல்வெளிக் கிராமத்துக்கு முன்னேற்றமே. ஆனால் 5,000 பேருக்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது, முதன்மைத் தொழில் செய்யும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வேளாண்மைக்கு வெளியே என்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஊரை நகரம் என்றே எண்ணுகிறது. 2011-இல் தமிழ்நாட்டில் இப்படி 376 ஊர்கள். சாக்கடைக்கு ஏது பணம் என்பது அடுத்த வாதம். சாக்கடையே இல்லாத நகரத்துக்கும் அதே நெறிகள் 70 லிட்டர் தருகின்றன. ஆகவே இந்த 15 லிட்டர் குறைவுக்குச் சாக்கடைச் செலவைக் காரணம் காட்ட முடியாது. ஊராட்சி என்ற பெயர்தான் காரணம். சாக்கடை வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு: நீரின் அளவை உள்ளாட்சியின் வகையை விட்டு மக்கள் நெருக்கத்தால் தீர்மானிப்பது, சில ஊராட்சிகள் சேர்ந்து ஒரு கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது, தொட்டிகளை முறைவைத்துக் காலி செய்வது.

மற்ற கேள்விகள். லாரித் தண்ணீர் இணைப்புக் கணக்கில் சேருமா? சேராது. மாநகராட்சியோடு சேர்த்தால் உடனே நீர் கூடுமா? நெறி மாறும், நீர் கூட, புதிய ஆதாரமும் குழாயும் வேண்டும். போர்வெல் நீரைச் சோதிக்கலாமா? சோதிக்க வேண்டும், மழைக்குப் பிறகு கட்டாயம்.